யாழ்ப்பாண வரலாற்றில் படத்துக்கோ நாவலுக்கோ கேமுக்கோ ஏற்ற காலம் எது?

வரலாற்றுக் களம் என்றால் கதை நடக்கும் உண்மையான காலமும் இடமும். ஆட்கள் கற்பனையாக இருக்கலாம். என் தெரிவு, 1591 முதல் 1619 வரையான நல்லூர், யாழ்ப்பாண அரசின் தலைநகர்.

காரணம், அங்கே எவராலும் ஒரே பக்கம் நிற்க முடியவில்லை. 1591இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண மன்னர் புவிராசபண்டாரத்தைக் கொன்று எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் ஏற்றினார்கள். அவரோ அவர்களுக்குத் திறை கட்டிக்கொண்டே, தென்னிந்தியாவிலிருந்து, போர்த்துக்கேயரை எதிர்த்த கண்டிக்குப் போன படையாட்களுக்கு வழிவிட்டார். 1617இல் அவர் இறந்ததும் அரச குடும்பத்தைச் சேர்ந்த சங்கிலிகுமாரன் அரண்மனையில் இரத்தம் சிந்தி ஆட்சியைப் பிடித்தார். தஞ்சை நாயக்கரின் உதவியை நாடினார். 1619இல் பிடிபட்டார், கோவாவில் மரணதண்டனை. இத்தனை இரட்டைவேடம் வேறெந்தக் காலத்தில் கிடைக்கும்? (கேம் என்றால் நான் அரண்மனையை விட்டுவிட்டு, ஊர்காவற்றுறையில் மிரளும் யானையைக் கப்பலில் ஏற்றும் பாகனிடமிருந்து தொடங்குவேன்.)

முடிவு தெரிந்த கதையில் என்ன சுவை என்பார்கள். நல்லூர்த் தேர் வீதி சுற்றி இருப்புக்கு வரும் என்று தெரிந்தும் சனம் விடியமுன்னமே போய் நிற்கிறதே!

இந்தக் களத்தை எடுப்பவர்கள் கவனிக்க ஒன்று: பண்ணைக் கடலோரம் இன்று நிற்கும் ஐங்கோணக் கோட்டை, சங்கிலிகுமாரன் கட்டியதல்ல, 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பறித்த ஒல்லாந்தர் எழுப்பிய வடிவம் அது.