கடல் காற்றாலையும் கடல் உயிர்களும்: கேள்வி-பதில்

கடல் காற்றாலை நல்லதா, கெட்டதா?

எந்தக் கடலில், எந்த உயிருக்கு, கட்டும்போதா ஓடும்போதா? இவற்றைச் சொல்லாமல் கேட்டால் நான் என்ன எழுதுவது?

சத்தம் தாங்காமல் கடல் விலங்குகள் ஓடிவிடுமாமே?

கட்டும்போது ஓடும். இரும்புத் தூணைக் கடலடியில் அடித்து இறக்குகையில், ஐரோப்பாவின் வடகடலில் வாழும் ஹார்பர் போர்பாய்ஸ்கள் (டால்பின் போன்ற சிறு கடல் பாலூட்டிகள்) 20 கி.மீ. வரைகூட விலகுகின்றன. அடி நின்ற ஓரிரு நாளில் பெரும்பாலும் திரும்பிவிடுகின்றன. ஜெர்மனியில் 750 மீட்டர் தள்ளி 160 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதற்காகத் தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை எழுப்புகிறார்கள். காற்றாலை ஓடும்போது வரும் இரைச்சல் இதற்குப் பக்கத்திலேயே வராது.

கடலடி கேபிளால் ஆபத்து உண்டா?

சுறாவும் திருக்கையும் அதன் மின்காந்தப் புலத்தை உணரும். ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் புதைத்தால் தாக்கம் குறையும். புதைத்தார்களா என்று கேளுங்கள்.

காற்றாலையால் திமிங்கிலங்கள் சாகின்றன என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

அனுப்பியவரிடம் தேதியைக் கேட்டீர்களா? அமெரிக்கக் கிழக்குக் கரையில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வழக்கத்துக்கு மாறாகச் சாகத் தொடங்கியது 2016 ஜனவரியில். அப்போது அங்கே ஒரு கடல் காற்றாலைகூட ஓடவில்லை. ரோட் தீவுப் பக்கம் பிளாக் ஐலண்டின் ஐந்து காற்றாலைகள் ஓடத் தொடங்கியதே அந்த ஆண்டு டிசம்பரில்தான். பெரிய திட்டங்களுக்குத் தூண் அடித்தது 2023இல். பரிசோதித்த உடல்களில் சுமார் 40 சதவீதத்தில் கப்பல் மோதிய காயமோ, வலையோ கயிறோ சுற்றிய தடமோ இருந்தது. காற்றாலைமேல் பழிபோடச் சான்று கிடைக்கவில்லை. கப்பல் வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஒருவர்கூட எனக்கு எழுதுவதில்லை; எனக்குக் கோபம் அதில்தான். அங்கே மிஞ்சியிருக்கும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் 400கூட இல்லை. அவற்றைக் கொல்பவை கப்பலும் மீன்பிடிக் கயிறும். அதற்காகக் காற்றாலைக்கு நான் முழு விடுதலை தரவில்லை. அந்தத் திமிங்கிலங்கள் வந்துபோகும் மாதங்களில் தூண் அடிக்கக்கூடாது.

மீன் பெருகுமா?

தூண்களில் மட்டி படியும், நண்டு வரும், காட் மீன் கூடும். இங்கிலாந்தின் ஷெரிங்ஹாம் ஷோல் கடல் காற்றாலைத் திட்டத்தில் கடல்நாய்கள் தூண் தூணாகப் போய் இரை தேடியிருக்கின்றன. ஆனால் மீன் ஓரிடத்தில் கூடுவதைப் பார்த்து இனமே பெருகியது என்று எழுதாதீர்கள்.

பறவைகள்?

ஜெர்மனிக் கடலில் செந்தொண்டை லூன்கள் என்னும் நீர்ப்பறவைகள், ஓடும் காற்றாலைகளிலிருந்து சுமார் 10 கி.மீ. ஒதுங்குகின்றன. இது கட்டி முடிந்த பிறகும் தொடரும் பாதிப்பு.

தமிழ்நாட்டுக் கடலில் வந்தால்?

2024இல் தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட்டுக்கு மத்திய அரசு நிதியுதவி ஒப்புக்கொண்டது. மன்னார் வளைகுடாப் பக்கம் ஆவுளியாவும் (கடற்பசு) கடற்புல்லும் பவளமும் இருக்கின்றன. வடகடல் கணக்கை அப்படியே இங்கே ஒட்டக்கூடாது. முதல் தூண் இறங்குமுன் எந்த உயிர் எங்கே, எந்த மாதம் இருக்கிறது என்று எண்ணி வைக்க வேண்டும்.