தெருவின் நினைவுகளை அந்தத் தெருவிலேயே படிக்க வைப்பது எப்படி?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு அடுத்த ஆண்டு ஐம்பது வயது. பழைய குடும்பங்களில் பாதி ஓசூர், ஒயிட்ஃபீல்டு என்று போய்விட்டன. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காலத்துப் படங்களும் கதைகளும் வருகின்றன. ஆனால் இரண்டே நாளில் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடுகின்றன. குழாயடி, ஏரிக்கரை, மூடிப்போன சோடா கடை என்று பத்து இடங்களில் க்யூஆர் கோடு வைத்து, அங்கே நிற்பவர் அந்த இடத்தைப் பற்றிய பேச்சைப் படிக்கவும், தன் கதையைச் சேர்க்கவும் வழி செய்ய ஆசை. குழுவின் லிங்க்கையே ஒட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த லிங்க் தெருவில் தொங்கினால் போகிற வருகிற யாரும் உள்ளே நுழையலாம். நுழைந்தவருக்குக் குழுவில் உள்ள எல்லோருடைய போன் எண்ணும் கிடைத்துவிடும். உங்கள் அத்தைமார்களின் எண்கள் கடன் விளம்பரக்காரர் கைக்குப் போக நீங்களே வழி செய்ததாகிவிடும். ஆனால் உங்கள் ஆசை அருமையானது. வழியை மட்டும் கொஞ்சம் மாற்றுவோம்.

உங்கள் படிப்பகம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நின்றிருக்கிறது. ஓர் ஆப் பத்து ஆண்டு தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். "நான் இங்கே இருக்கிறேன்" என்று இடத்தைக் குறிக்கும் பழக்கத்தைப் பரப்பிய ஃபோர்ஸ்கொயர் 2009இல் வந்தது. அதன் நகர வழிகாட்டி ஆப்பை 2024 டிசம்பரில் மூடிவிட்டார்கள். பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் சமூக ஊடகம் 2019 ஏப்ரலில் போனது. அதனால் பலகையில் எந்தச் சமூக ஊடகத்தின் முகவரியும் நேரடியாக இருக்கக் கூடாது. படிப்பகத்தின் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்குங்கள், ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் ஆகும். அதில் இடத்துக்கு ஓர் இணையப் பக்கம். க்யூஆர் கோடு அந்தப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். நாளைக்கு வாட்ஸ்அப் போய் வேறொன்று வந்தாலும் பக்கத்தில் உள்ள பொத்தானை மாற்றினால் போதும், பலகையைக் கழற்ற வேண்டாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியிருப்புக்காக ஓர் இலவசத் தளத்தில் கோடுகள் செய்து, அழகாகப் பலகை அடித்து மாட்டினோம். சில வாரங்களில் ஸ்கேன் செய்தால் "சந்தா கட்டுங்கள்" என்று வந்தது. அத்தனை பலகையும் வீண். க்யூஆர் கோடு காலாவதியாகிற பொருளே இல்லை. அது படமாக எழுதிய முகவரி, அவ்வளவுதான். நடுவில் நிற்கும் தளம்தான் காலாவதியாகிறது. 'டைனமிக்' என்று இருந்தால் அது அந்தத் தளம் வழியாகச் சுற்றிப் போகிற வகை, தொடாதீர்கள். நேராகப் போகிற 'ஸ்டாடிக்' வகையில் உங்கள் சொந்த முகவரியைப் போட்டு எடுங்கள்.

சரி, பேச்சு எங்கே நடக்கும்? மக்கள் ஏற்கெனவே இருக்கிற வாட்ஸ்அப்பில்தான். இதற்கென்று ஒரு புது சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். ஒவ்வொரு இணையப் பக்கத்திலும் "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அந்த எண்ணுக்கான உரையாடல் திறக்கும். இங்கே ஒரு வசதி உண்டு: செய்திப் பெட்டியில் முன்கூட்டியே ஒரு வரி நிரம்பியிருக்கும்படி அந்த லிங்க்கை அமைக்கலாம். குழாயடிப் பொத்தானுக்கு "இடம் 2, குழாயடி" என்று வையுங்கள். அனுப்புகிறவர் எதுவும் விளக்க வேண்டியதில்லை, எந்த இடத்தின் கதை என்று செய்தியே சொல்லிவிடும். நீங்கள் வாட்ஸ்அப் பிசினஸில் இடத்துக்கொரு லேபிள் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம்.

குரல் பதிவையும் கேளுங்கள். தமிழில் தட்டச்சு செய்யத் தயங்கும் பாட்டி மூன்று நிமிடம் பேசிவிடுவார், அந்தக் குரலே பெரிய சொத்து. கனடாவின் டொராண்டோவில் 2003இல் 'மர்மர்' என்று ஒரு முயற்சி தொடங்கினார்கள். கம்பங்களில் காது வடிவப் பலகை, அதில் ஒரு போன் எண். அங்கேயே நின்று கூப்பிட்டால் அந்த இடத்தைப் பற்றி ஒருவர் சொன்ன கதை காதில் விழும். ஸ்மார்ட்போன் பரவாத காலத்திலேயே அவ்வளவு செய்தார்கள்.

வந்ததைக் கேட்டு, சொன்னவரிடம் "பக்கத்தில் போடலாமா, உங்கள் பெயரோடா பெயர் இல்லாமலா?" என்று கேட்டு ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் கிடைக்காவிட்டால் தொடங்கவே வேண்டாம். மூன்று மாதமாகப் புதிதாக எதுவும் வராத பக்கத்தை யாரும் மறுபடி திறப்பதில்லை. அடுத்த வீட்டுச் சண்டை, இன்னார் கடன் வாங்கி ஓடிப்போனது போன்ற கதைகளும் வரும். அவற்றை நிறுத்தி வைக்கிற பொறுப்பும் இந்த இருவருக்குத்தான்.

இன்ஸ்டாகிராமின் இடக் குறியீடு போதாதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். திறந்த வெளியில் போனின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். இரு பக்கமும் மாடிகள் எழும்பிய சந்துகளில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த சந்தைக் காட்டிவிடும். அப்புறம் பெயர்: நாம் அல்சூர் என்கிறோம், மெட்ரோ நிலையம் ஹலசூரு, பழைய ஆட்களுக்கு உல்சூர். ஒரே இடத்தின் பேச்சு மூன்று பெயரில் சிதறிவிடும். உங்கள் பக்கத்தில் மூன்றையும் எழுதி வையுங்கள், தேடுகிறவர் எப்படித் தேடினாலும் வந்து சேருவார்.

பலகை விஷயம் எளிது. ஒரு மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்ய 10 செ.மீ. கோடு வேண்டும். சுற்றிலும் வெள்ளை விளிம்பு விடுங்கள், பளபளக்காத லாமினேஷன் போடுங்கள். கோடு செய்யும்போது பிழை திருத்த அளவில் 'எச்' நிலையைத் தேர்ந்தெடுத்தால் கோட்டில் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் போன் படிக்கும். பொதுச் சுவரில் ஒட்டாதீர்கள். கர்நாடகத்தில் அதைத் தடுக்க 1981ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர், கடைக்காரரிடம் கேட்டு அவர்கள் சுவரில் மாட்டுங்கள். கோவில் கல்லில் ஆணியோ பசையோ படவே கூடாது.

பலகையில் கன்னடம் மேலே, தமிழ் அடுத்து. ஏரிக்கு அருகே உள்ள திருவள்ளுவர் சிலை கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 18 ஆண்டு மூடிக் கிடந்து 2009இல்தான் திறக்கப்பட்டது என்பது அல்சூர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கன்னடம் வேண்டும் என்பது பயத்தால் அல்ல: அதே குழாயடியில் குடம் வைத்து நின்ற கன்னடக் குடும்பத்தாரிடமும் கதை இருக்கிறது, அது வராமல் உங்கள் பக்கம் முழுமையாகாது.

இன்னொரு வரியும் எழுதுங்கள்: "இங்கே பணம் கேட்க மாட்டோம்." ஸ்கேன் என்றாலே பணம் என்று கை பழகிவிட்ட ஊர் இது. உங்கள் கோட்டின் மேல் யாரேனும் தங்கள் பேமெண்ட் கோட்டை ஒட்டிவிடுவதும் நடக்கும், எனவே மாதம் ஒரு முறை நடந்து போய் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து பாருங்கள்.

பத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். சித்திரையில் அல்சூர் பூப்பல்லக்குத் திருவிழாவுக்கு, வெளியூர் போனவர்களும் திரும்பி வருவார்கள். அதற்குள் படிப்பகம், குழாயடி, சோடா கடை மூன்றும் தயாராகட்டும், ஒவ்வொன்றிலும் குழுவிலிருந்து எடுத்த இரண்டு கதைகள் முதலிலேயே இருக்கட்டும். அன்று இரவு வரும் செய்திகளைப் பார்த்துவிட்டு நான்காவது இடத்தை முடிவு செய்யுங்கள்.