பங்கு குறையவில்லை, பிறகு ஏன் வலிக்கிறது?

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எனக்கு எதையும் குறைத்துத் தரவில்லை. ஆனால் எந்த முடிவும் எடுத்து முடிந்த பிறகுதான் என் காதுக்கு வருகிறது. கேட்டால், "உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்கிறார்கள். வீட்டுக்கு வந்தும் அது அரித்துக்கொண்டே இருக்கிறது. மகிழ்ச்சி அவரவர் மனதைப் பொறுத்தது என்பார்களே, கோளாறு என்னிடம்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. கிடைக்கும் பங்கு வேறு, நடத்தப்படும் விதம் வேறு. சமூக உளவியலாளர்கள் ஆலன் லிண்டும் டாம் டைலரும் 1988இல் தந்த விளக்கம் உங்கள் நிலைக்குப் பொருந்தும்: ஒரு குழு நம்மிடம் நடந்துகொள்ளும் விதத்தை வைத்துத்தான் அங்கே நமக்கு என்ன இடம் என்று எடைபோடுகிறோம். உங்களைக் கேட்காமல் விட்டதில் காசு நஷ்டமில்லை, 'நீங்கள் ஒரு பொருட்டில்லை' என்ற சேதி இருக்கிறது. அரிப்பது அதுதான்.

1990இல் லிண்டும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு ஒரு வேலைக்கான இலக்கை நிர்ணயிக்க வேண்டும். ஒரு பிரிவிடம் கருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுத்தார்கள். இன்னொரு பிரிவிடம் முடிவைச் சொல்லிவிட்டுக் கேட்டார்கள். மூன்றாம் பிரிவிடம் கேட்கவே இல்லை. முதல் பிரிவுதான் நடந்தது நியாயம் என்று அதிகம் சொன்னது, அதில் வியப்பில்லை. ஆனால் எதையும் மாற்ற வழியில்லாத இரண்டாம் பிரிவும் மூன்றாம் பிரிவைவிட அதிகமாக நியாயத்தை உணர்ந்தது!

இதைப் படித்துவிட்டு உங்கள் செயலாளர் ஒப்புக்கு ஒரு கூட்டம் போட்டுவிடக் கூடாது. முடிவைப் பையில் வைத்துக்கொண்டு "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால், குட்டு வெளிப்படும் நாளில், கேட்காமலே இருந்ததைவிட மோசமாகப் போகும்.

சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றையும் இங்கே பலர் காட்டுவார்கள். நேரடி வாக்கெடுப்பு உரிமை அதிகமுள்ள மாநிலங்களில் வாழ்க்கை நிறைவும் கூடுதல் என்று பொருளாதார ஆய்வாளர்கள் ஃப்ரேயும் ஸ்டட்சரும் 2000இல் எழுதினார்கள். அங்குள்ள மக்களிடையே இருக்கும் மொழி வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறர், தொடர்பு உறுதியாக நிற்கவில்லை என்றார்கள். நான் அதன்மேல் அதிகம் சாய மாட்டேன்.

சங்கத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது சிறிதுதான். பேசப்போகும் விஷயம் ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் எழுத்தில் வரட்டும். ஆட்சேபத்தை ஏற்காவிட்டால் காரணம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறட்டும். பெரும்பாலான சங்கங்கள் சறுக்குவது இங்கேதான், 'நிராகரிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். மறுபரிசீலனை கேட்க ஒரு கெடுவும் வேண்டும். மறுபடி "என்ன நஷ்டம்?" என்றால் அந்தக் கணக்குக்குள் போகாதீர்கள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று மட்டும் கேளுங்கள்.