ரேடாரை உயர்த்துங்கள்; தலைவலிக்குக் காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. வார இறுதியில் குடும்பத்தோடு போய்வர ஒரு பழைய மோட்டார் படகு வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் கேபின் கூரைமேல் குட்டையான தாங்கியில் ரேடார் பொருத்தியிருக்கிறார். தளத்தில் நின்றால் அது என் முகத்துக்கு நேரே இருக்கிறது. ரேடார் ஓடுகிற நாள்களில் எனக்கு, மனைவிக்கு, மைத்துனருக்கு என்று எல்லோருக்கும் தலைவலி, குமட்டல்; கரைக்கு வந்தால் சரியாகிவிடுகிறது. இப்போதெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டே கிளம்புகிறோம். ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. ரேடாரால் புற்றுநோய், கண்புரை, மலட்டுத்தன்மை வரும் என்று இணையத்தில் படித்தேன். நாங்கள் குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம். பேஸ்மேக்கர் வைத்த அப்பாவும் எங்களோடு வருவார். எவ்வளவு உயரத்தில் வைத்தால் பாதுகாப்பு?

பதில்: குழந்தை விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். கடிதத்தில் கடைசிப் பக்கமாகத் தள்ளிவிட்டிருந்தாலும் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. இந்த அளவு ரேடாரால் உங்கள் விந்தணுவுக்கு ஒன்றும் ஆகாது. அது அனுப்புவது மைக்ரோவேவ் அலை, பெரும்பாலும் 9.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். எக்ஸ்ரே மாதிரி மரபணுவை உடைக்கிற சக்தி அதற்குக் கிடையாது. உடம்பில் பட்டால் சூடாக்கும், அவ்வளவுதான். அந்தச் சூடும் தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ரேடாரில் 4 கிலோவாட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அது ஒவ்வொரு துடிப்பின் உச்சம். துடிப்பு சுமார் ஒரு மைக்ரோ விநாடி, அல்லது அதற்கும் குறைவு. அடுத்த துடிப்பு வரும்வரை ரேடார் வெறுமனே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சராசரி எடுத்தால் சில வாட்தான் வரும். அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கிறது: அது அனுப்பும் அலைக்கற்றையின் அகலம் 5 டிகிரி என்றால், மொத்த நேரத்தில் 72-ல் ஒரு பங்குதான் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். புதிதாக வரும் சாலிட் ஸ்டேட் (குறைக்கடத்தியால் அலை எழுப்பும்) டோம்கள், அதாவது வட்ட மூடிக்குள் அடங்கிய ரேடார்கள், பலவற்றில் உச்சமே 20, 25 வாட்தான். கண்புரைப் பயம் வந்த வழி எனக்குப் புரிகிறது. கண் வில்லைக்கு ரத்த ஓட்டம் இல்லாததால் சூட்டை அதனால் சட்டென்று வெளியேற்ற முடியாது. ஆனால் அந்த அளவுக்குச் சூடேற்ற, உங்கள் படகில் இருப்பதைவிடப் பல மடங்கு சக்தி கண்ணுக்கு அருகிலேயே நீண்ட நேரம் நிலையாகப் பட வேண்டும். இணையத்தில் நீங்கள் படித்தது எந்த ரேடாரைப் பற்றி என்று அந்தக் கட்டுரை சொன்னதா? ராணுவ ரேடாரும் உங்கள் டோமும் ஒன்றில்லை.

சரி, இப்போது தலைவலிக்கு வருவோம். நான் கடிதத்தை இரண்டாம் முறை எடுத்துப் படித்தது அதற்காகத்தான்.

ரேடாரை எப்போது போடுகிறீர்கள்? மூடுபனியில், மழையில், இருட்டில். அதே நேரத்தில் வேறு என்னென்ன செய்கிறீர்கள்? வேகத்தைக் குறைக்கிறீர்கள். சுற்றிலும் கேன்வாஸ் திரையை இறக்கி ஜிப் போடுகிறீர்கள். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கிறது. படகு நகரும்போது அதன் பின்பக்கத்தில் காற்றழுத்தம் குறையும். எக்ஸாஸ்ட் புகை அங்கிருந்து திரும்பிப் படகுக்குள்ளேயே வரும். பின்பக்கத்திலிருந்து காற்று வீசினால் இன்னும் மோசம். ஆக, ரேடார் ஓடும் நாள்தான் நீங்கள் புகையை அதிகம் சுவாசிக்கிற நாளும். ஒரே படகில் மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, கரையேறினால் சரியாகிறது என்றால், இல்லை என்று நிரூபணமாகும்வரை அது கார்பன் மோனாக்சைடு. கடல் நோய் மூன்று பேரையும் ஒரே மாதிரி, அதுவும் திரை இறக்கிய நாளாகப் பார்த்துத் தாக்காது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை நாற்றம் வரவில்லையே என்ற சமாதானம் உதவாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஆக்சிமீட்டர் 98 காட்டியதில் நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும்தான் கவலை கூடியது. விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தெரியும். விஷம் ஏறியவருக்கும் அது 98 காட்டும். ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின்) அளவைப் பார்த்தால்தான் தெரியும், அதையும் சீக்கிரம் எடுக்க வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே நான்கைந்து மணி நேரத்தில் அளவு பாதியாகிவிடும். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பரிசோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் வரும், நீங்களும் மறுபடி ரேடாரைத்தான் திட்டுவீர்கள்.

முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் அந்த மாத்திரைகளை இன்றோடு நிறுத்துங்கள். உடம்பு கொடுக்கும் ஒரே எச்சரிக்கை அந்தத் தலைவலி. அதையும் வாயை மூடச் செய்துவிட்டுப் படகில் ஏறுகிறீர்கள். வாந்தி மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை. கார்பன் மோனாக்சைடு மயக்கத்தையும் மாத்திரைத் தூக்கத்தையும் பக்கத்தில் இருப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

இன்னொன்று. மனைவி கருவுற்றிருந்தால், தாய்க்கு லேசான தலைவலியோடு போகிற அளவுகூடச் சிசுவுக்கு ஆபத்தாகலாம். சிசுவின் ஹீமோகுளோபின் இந்த வாயுவை இன்னும் விடாப்பிடியாக வைத்துக்கொள்ளும்; வெளியேற நேரமும் கூடுதல். குழந்தையை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்றால் பயப்பட வேண்டிய இடம் கூரை இல்லை, எக்ஸாஸ்ட் குழாய்.

படகை அடுத்து எடுப்பதற்கு முன் மெக்கானிக்கைக் கூப்பிட்டு எக்ஸாஸ்ட் குழாய்கள், இணைப்புகள், கிளாம்புகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். படகுக்கென்றே தயாரித்த கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கேபினிலும், படுக்கும் இடம் தனியாக இருந்தால் அங்கே இன்னொன்றும் மாட்டுங்கள். புகை அலாரம் இதற்கு மாற்று இல்லை. எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது பின்பக்க நீச்சல் பலகையில் யாரையும் உட்கார விடாதீர்கள். தலைவலி தொடங்கினால் ரேடார் பொத்தானைத் தேடாமல் திரையைத் திறந்து எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். நிலைமை அனுமதித்தால் எஞ்சினை நிறுத்துங்கள். யாருக்காவது குழப்பமான பேச்சு, மயக்கம், நெஞ்சுவலி வந்தாலோ, தலை சுற்றுவது கர்ப்பிணிக்கு என்றாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக, "எஞ்சின் ஓடிய மூடிய படகில் இருந்தோம்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வயிற்றுக்கோளாறு என்று திருப்பி அனுப்பிவிடவும் கூடும்.

ரேடார் உயரம்: முகத்துக்கு நேரே இருப்பது சரியில்லை, உயர்த்தத்தான் வேண்டும். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு இந்த அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 10 வாட். அந்த அளவுக்குக் குறைய எவ்வளவு தூரம் வேண்டும் என்பது உங்கள் ரேடாரின் கையேட்டிலேயே இருக்கும். சின்ன டோம்களுக்கு அது பொதுவாக ஓரிரு மீட்டருக்குள் முடிந்துவிடும். திறந்த கை சுழலும் பெரிய வகைக்குக் கூடலாம். அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. கற்றை மேலும் கீழுமாகச் சுமார் 25 டிகிரி விரியும், பாதி கிடைமட்டத்துக்குக் கீழே. அதாவது ஆன்டெனாவிலிருந்து ஒவ்வொரு மீட்டர் தள்ளிப் போகப் போகக் கற்றையின் அடிவிளிம்பு 22 செ.மீ. இறங்கும். 1.8 மீட்டர் உயரமுள்ளவர் 2 மீட்டர் தள்ளி நின்றால், தளத்திலிருந்து சுமார் 2.25 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால்தான் அது அவர் தலைக்கு மேலே போகும். படகு சாயும் என்பதால் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது கீழ்த்தளத்திலிருந்து அளந்து ஏமாறாதீர்கள். ஆட்கள் நிற்கக்கூடிய மிக உயரமான இடம் எதுவோ அங்கிருந்து அளக்க வேண்டும்.

கம்பத்தின் உச்சிக்கே கொண்டுபோகவும் வேண்டாம். ரேடாரின் அடிவானம், அதாவது அது எட்டிப் பார்க்கும் தூரம், கடல் மைலில், மீட்டர் உயரத்தின் வர்க்கமூலத்தைப் போல் 2.2 மடங்கு. 3 மீட்டரில் 3.8 கடல் மைல் என்றால், உயரத்தை இரட்டிப்பாக்கி 6 மீட்டருக்குப் போனாலும் 5.4தான். அதற்கு விலையாகப் படகின் மேல்பாரம் கூடும், ஆட்டம் கூடும், படகைச் சுற்றிக் கற்றை தொடாத குருட்டு வளையமும் பெரிதாகும். 3 மீட்டர் உயரத்தில் 13 மீட்டர் சொச்சம் இருக்கும் அந்த வளையம் 6 மீட்டரில் 27 ஆகும். மூடுபனியில் அந்த இடைவெளியில்தான் சின்னப் படகுகள் தொலையும்.

டோமைத் துடைக்க ஏறும்போது ஸ்டாண்ட்பை (அலை அனுப்பாமல் காத்திருக்கும் நிலை) போதாது. கீழே யாராவது பொத்தானை அமுக்கிவிடலாம், பிரேக்கரையே அணைத்துவிடுங்கள். திறந்த கை வகையாக இருந்தால் கதிர்வீச்சைவிட அந்தக் கை மண்டையில் அடிப்பதுதான் பெரிய கவலை. அப்பா தாராளமாக வரலாம். ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் மட்டும் போக வேண்டாம், பேஸ்மேக்கர் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். புற்றுநோய்க்காக இந்த ரேடாரைக் கழற்ற வேண்டியதில்லை. கதிர்வீச்சைத் தடுக்க என்று உலோக இழை வைத்த மேலாடை எதுவும் தேவையில்லை.

ஒரு வருடம் முயன்றும் கரு நிற்கவில்லை என்றால் (மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம்) இருவரும் சேர்ந்து மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அவர் கேட்கும் விந்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளுங்கள். அங்கேயும் படகுத் தலைவலியைப் பற்றிச் சொல்ல மறக்காதீர்கள்.