கேட்டதும் சொன்னதும்: பிரெகென்ஸ் ஏரி மேடை

ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் விழாவில் ஓபரா பார்க்கக் குடும்பத்தோடு போகிறோம். ஏரித் தண்ணீரில் அமைத்த திறந்தவெளி மேடையாம். மழை பெய்தால் டிக்கெட் காசு போய்விடுமா?
– வாசகி, சென்ட்காலன், சுவிட்சர்லாந்து

தூறலுக்கெல்லாம் நிறுத்த மாட்டார்கள். பாடகர்கள் நனைந்துகொண்டே பாடுவார்கள். குடை விரித்தால் பின்வரிசைக்கு மேடை தெரியாது. அதனால் தலையையும் முழங்காலையும் மூடும் மழைக்கோட்டு ஆளுக்கொன்று, இருக்கை துடைக்க ஒரு துண்டு, அவசியம்.

பெருமழை, இடி என்றால் கரையிலுள்ள விழா மண்டபத்துக்கு நிகழ்ச்சி மாறலாம். சிக்கலே அங்கேதான். வெளியே சுமார் 7,000 இருக்கைகள். மண்டபத்தில் அதில் கால்பங்குகூட இல்லை. விலை கூடிய சில வகுப்பு டிக்கெட்டுகளுக்கு மட்டுமே உள்ளே இடம். மற்றவர்களுக்கு, வெளியே 60 நிமிடத்துக்குள் நின்றுபோனால் பணம் திரும்பக் கிடைக்கும். அதைத் தாண்டி நின்றால் கிடைக்காது. நீங்கள் இருப்பது ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரம். இன்னொரு நாள் வரலாம் என்பதால் சாதாரண டிக்கெட்டே போதும். விமானம் ஏறி வருகிறவர்கள் மண்டப இடமும் சேர்ந்த டிக்கெட்டையே எடுக்க வேண்டும்.

ஆட்டம் இரவு ஒன்பது மணியளவில் தொடங்கும். பார்வையாளர்கள் மேற்கே பார்த்து அமர்வதால், தொடக்கத்தில் மேடைக்குப் பின்னால் ஏரியும் வானமும் சிவந்து கிடக்கும். அந்த அழகில் மயங்கி ஸ்வெட்டரை மறந்து வந்தால், இருட்டியதும் தண்ணீர்க் காற்றில் நடுங்க வேண்டியதுதான். இடைவேளை கிடையாது, கழிப்பறைக்கு முன்பே போய்விடுங்கள்.

இசைக்குழுவே கண்ணில் படவில்லையே, பதிவு செய்த இசையா?
– வாசகர், சூரிச்

இல்லவே இல்லை. வியன்னா சிம்பொனி இசைக்குழு மண்டபத்துக்குள் அமர்ந்து அந்த நேரத்திலேயே வாசிக்கிறது. ஈரக்காற்று வயலின் போன்ற மரக்கருவிகளுக்கு ஆகாது. கையசைத்து இசைக்குழுவை வழிநடத்துகிறவர் மேடையைத் திரையில் பார்க்கிறார். பாடகர்கள் அவர் கையசைவைத் திரையில் பார்க்கிறார்கள். பாடகர் இடமிருந்து வலமாக நடந்தால் குரலும் கூடவே நகரும்படி ஒலிபெருக்கிகளை அமைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டால் தெரியும்.

மேடை ஆண்டுதோறும் மாறுமா?
– வாசகர், பாசல்

ஒரு ஓபரா, ஒரு மேடை, இரண்டு கோடை. 2022, 2023-இல் ‘மேடம் பட்டர்ஃபிளை’க்குத் தண்ணீரில் மிதக்கும் கசங்கிய காகிதம்போல் ஒன்றை நிறுத்தினார்கள். 23 மீட்டர் உயரம், 300 டன் எடை. 1946-இல் முதல் விழா நடந்ததோ, சரளைக்கல் ஏற்றும் இரண்டு படகுகளில்: ஒன்றில் மேடை, மற்றதில் இசைக்குழு. இரண்டு கோடைக்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் மேடை ஏரியிலேயே நிற்கும். கரையிலிருந்து காசில்லாமல் பார்க்கலாம்.