யாழ்ப்பாண அரச பாடசாலைகளில் சமய விழாக்கள்: வேறு சமயப் பிள்ளை கலந்துகொள்ள வேண்டுமா?

கட்டாயம் இல்லை. மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் உறுதி செய்கிறது. சமயம் இங்கே பாடமாகவும் இருக்கிறது. சைவப் பிள்ளை சைவநெறி படிப்பாள், கத்தோலிக்கப் பிள்ளை தன் சமயத்தைப் படிப்பாள்.

விழாக்கள்தான் சிக்கல். நவராத்திரியில் வாணி விழா, மார்கழியில் நத்தாரையொட்டிய ஒளி விழா. தேவாரம் பாடும்போது கைகூப்பாமல் மரியாதையாக நின்றாலே போதும், அதைக் குறையாகப் பார்க்கக் கூடாது. அவல், கடலை வேண்டாம் என்றாலும் கட்டாயப்படுத்த வேண்டாம். வகுப்பில் ஒரேயொரு முஸ்லிம் பிள்ளை இருந்தால், நோன்பு நாளில் கடும் வெயிலில் ஓட விடாதீர்கள். இதைத்தான் நாங்கள் அதிகம் மறக்கிறோம். பெற்றோரே, இவற்றைத் தவணை தொடங்கும்போதே வகுப்பாசிரியரிடம் நேரே சொல்லிவிடுங்கள்.