பைபோலார் உள்ள கர்ப்பிணிக்குத் தூக்கம் கெட்டால் பயப்பட வேண்டுமா?

"எனக்கு பைபோலார், இப்போது ஏழாவது மாதம். ராத்திரித் தூக்கமே இல்லை. பிள்ளை பெறுகிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்கிறார் மாமியார்" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பைபோலார்தான், மனநிலை ஒரேயடியாக உச்சத்துக்குப் போவதும் பாதாளத்துக்கு இறங்குவதுமாக மாறும் நோய். இரண்டு குழந்தைகள்.

ஏழாம் மாதத்தைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. மணிக்கொரு முறை பாத்ரூம், நெஞ்செரிச்சல், படுத்தால் காலில் ஏதோ ஊர்வது போலக் குறுகுறுப்பு. இந்தக் குறுகுறுப்பைச் சொன்னதும் டாக்டர் ரத்தத்தில் இரும்புச்சத்து பார்த்தார், குறைவாக இருந்தது. இப்படித் தூக்கம் கெட்டால் மறுநாள் கண் சொக்கும், உடம்பு அடித்துப்போட்டது போல் இருக்கும். இருந்தாலும் மனநல டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு வந்தது வேறு. முதல் பிரசவம் முடிந்து நான்காம் நாள், அம்மா வீட்டில், ராத்திரி இரண்டரை மணி. குழந்தை அயர்ந்து தூங்குகிறது. நான் பீரோவைக் காலி செய்து அம்மாவின் புடவைகளை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மூன்று நாளில் ஐந்து மணி நேரம்கூடத் தூங்கவில்லை, துளி அசதியும் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "பிள்ளை பெத்த உடம்பா இது, என்ன சுறுசுறுப்பு!" என்று மெச்சினார்கள். எட்டாம் நாள், இது என் குழந்தையே இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அதற்குப் பெயர் பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ், எது நிஜம் எது கற்பனை என்று தெரியாமல் போகும் நிலை. பொதுவாக 1000 பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பைபோலார் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். பிரசவத்தோடு ஹார்மோன்கள் சட்டென்று இறங்குகின்றன, கூடவே தூக்கமும் போகிறது. முன்பு எப்போதாவது தூக்கம் கெட்டு உங்களுக்கு மேனியா (மனம் கட்டுக்கடங்காமல் துள்ளும் நிலை) வந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதை டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள்.

இரண்டாவது குழந்தைக்கு ஏழாம் மாதத்திலேயே திட்டம் போட்டோம். ராத்திரி 10 முதல் 3 வரை நான் தனி அறையில் தூங்குவேன். அம்மாவும் என் வீட்டுக்காரரும் முறை போட்டுக் குழந்தையைப் பார்ப்பார்கள். பீய்ச்சி வைத்த பால், போதாவிட்டால் பவுடர் பால். "பச்சை உடம்புக்காரி குழந்தையை விட்டுட்டுத் தூங்குறாளே" என்று சொந்தத்தில் பேச்சு வந்தது. அம்மா என் அறை வாசலில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார், ஒருவரும் கதவைத் தட்டவில்லை. தினசரி காலண்டர் தாளில் நான் தூங்கிய மணிக்கணக்கை எழுதினார். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரத்துக்குக் குறைந்தால் என்னைக் கேட்காமலே டாக்டருக்கு போன் போகும். ஒரு முறை போனது. மருந்தை மாற்றினார், அதோடு அடங்கியது.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பைபோலாருக்குக் கொடுக்கும் மருந்துகளில் வால்ப்ரோயேட் எடுப்பவர் என்றால் நாளைக்கே டாக்டரைப் பாருங்கள், குழந்தைக்கு ஆகாத மருந்து அது. லித்தியம் என்றால் கர்ப்பத்தில் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு இறங்கும், அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்: பிள்ளை பெற்ற பிறகு தூங்காமலே நான் துள்ளிக்கொண்டிருந்தால் மெச்சாதீர்கள் அத்தை, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று.